வளைவில் தொட்ட குச்சி

என் வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த பந்தயம் ஒன்றே ஒன்றுதான். அது டயர் ஓட்டும் பந்தயம். அப்போது எனக்குப் பத்து வயது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு விதியையும் மீறாமல் ஓடி ஜெயித்தேன். ஜெயித்த கொஞ்ச நேரத்தில், அதே ஊர் பார்த்துக்கொண்டிருக்க, பரிசைத் திருடினேன். முதலாவதற்கு எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் ஊர் அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே, ஒரு பெரிய ஏரியின் கரைக்குக் கீழே இருந்தது. இனி ஒட்டுப் போட முடியாது என்று சைக்கிள் கடைக்காரர் தூக்கி எறிந்த டயர்தான் பிள்ளைகளுக்கு வண்டி. டயரை நிமிர்த்தி விட்டு, முழ நீளக் குச்சியால் தட்டிக்கொண்டே கூட ஓட வேண்டும். கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் டயரோடுதான் போவோம். ஒருவன் சும்மா நடந்து வந்தால், "இன்னாடா, வண்டி பஞ்சரா?" என்று கேட்போம்.

ஊரில் யாரையும்விட நன்றாக டயர் ஓட்டியவள் என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓடினால், டயர் தானாகவே அவளுக்கு முன்னால் போவது போல இருக்கும். அவள் குச்சி அதைத் தொடுவதே தெரியாது.

அந்த ஆடி மாதம் அக்கா பெரியவளானாள். அம்மாவின் தம்பியான மாமா பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டினார். சீர்த் தட்டுகள் வீட்டுக்குள் போன அன்று டயர் வெளியே வந்தது. அம்மா அதை என் கையில் கொடுத்து, "இனிமே இத்த நீ ஓட்டுடா. அவ ஓட்னது போதும்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. ஏரிக்கரையை ஒட்டிய கிணற்றுக்குக் குடத்தோடு போய்வருவது மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

மாமா மதுராந்தகத்தில் ஒரு மண்டிக்காரரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். காணும் பொங்கலன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூட்டம் சேரும். அங்கே விற்பதற்கு அவர் கரும்பு ஏற்றிக்கொண்டு போவார். கரும்புக்கு மேலே ஆள் ஏறக் கூடாது என்பது மண்டிக்காரரின் கண்டிப்பு. முன்னால் மாமாவும் கரும்பு வியாபாரியும் கிளீனரும் உட்கார்ந்தது போக, ஒடுங்கினால் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கும். கடல் எங்கள் ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் ஊரில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த இடத்துக்காக ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கும். அந்த வருடம் போகிக்கு இரண்டு நாள் முன்னால் மாமா எங்கள் வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"மாட்டுப் பொங்கல் அன்னிக்கி ஏரிக்கரையில டயர் பந்தயம். எவன் ஜெயிக்கிறானோ அவன் வூட்லேர்ந்து ஒரு புள்ள லாரியில வரலாம். அப்பால யாரும் எங்கிட்ட வந்து பேஜாரு பண்ணக் கூடாது."

மாமா இவ்வளவு நியாயமாகப் பேசியதற்குக் காரணம் உண்டு. அவருடைய மகன், என் மச்சான், எங்களில் வேகமாக ஓடுகிறவன். அவனிடம் இருந்தது சைக்கிள் டயரும் இல்லை; மாமா எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த மோட்டார் சைக்கிள் டயர். அது உருண்டு வந்தால் கோழிகள் கூரைமேல் ஏறிவிடும்.

அன்று சாயங்காலம் அக்கா என்னை வைக்கோல் போருக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"மாமா இன்னா சொன்னாரு? ஜெயிச்சவன் வூட்லேர்ந்து ஒரு புள்ளன்னுதானே? ஜெயிச்சவனே வரணும்னு சொல்லல இல்ல?"

"சொல்லல."

"அப்ப நான் சொல்லித் தரேன், நீ ஓட்டு. ஜெயிச்சா எடம் எனக்கு. சரியா?"

உடனே சரி என்றேன். மச்சானை ஜெயிப்பேன் என்று எனக்குக் கனவிலும் தோன்றியதில்லை. கிடைக்காத ஒன்றைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

பந்தயம் நடக்கப்போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். மதகிலிருந்து கிளம்பிக் கரைமேலேயே ஓடி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலில் முடிக்க வேண்டும். இடப்பக்கம் ஏரித் தண்ணீர். வலப்பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே வயல். பாதி தூரம் கரை நேராகப் போகும். பிறகு ஏரியை அணைத்துக்கொண்டு இடப்பக்கம் வில்லாக வளையும். அந்த வளைவில்தான் எல்லோரும் தோற்போம். வேகமாக வந்தவனின் டயர் திரும்பாமல் நேரே போய் வயலில் விழும். பயந்தவனின் டயர் வளைவுக்குள்ளேயே செத்துப்போகும். டயரைக் கையால் தொட்டால் ஆட்டம் போச்சு.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் வயலுக்குப் போனதும் பாடம் தொடங்கியது. கொல்லையில் வைக்கோல் போரைச் சுற்றி அக்கா என்னை ஓடச் சொன்னாள். ஓடினேன். கால் சுற்றுக்குள் டயர் விழுந்தது.

"திருப்பத்துல இன்னா பண்ண?"

"மேல குச்சிய வெச்சி அழுத்தனேன்."

"அழுத்தனா இன்னா ஆவும்?"

"மெதுவாவும்."

"உன்ன யாரு மெதுவாவச் சொன்னது? திரும்பத்தானே சொன்னேன்?"

வளைவு என்றால் மெதுவாக வேண்டும், மெதுவானால்தான் திரும்பும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அக்கா தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பாவாடையைச் செருகிக்கொண்டு, என் குச்சியை வாங்கினாள். டயருக்கும் போருக்கும் நடுவில் ஓடாமல் டயருக்கு வெளிப்பக்கமாக ஓடினாள். குச்சியை டயரின் மேல் விளிம்பில், பக்கவாட்டில், காய் பழுத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல வைத்தாள். டயர் போரின் பக்கம் லேசாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே வளைந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போரைச் சுற்றிச் சுற்றி வந்தது. செக்கில் கட்டிய மாடு கூட அவ்வளவு ஒழுங்காகச் சுற்றாது.

"பாரு. பின்னால அடிச்சா ஓடும். மேல அழுத்தனா நிக்கும். நேர் பக்கத்துல தொட்டா திரும்பும், அவ்ளோதான். தொட்டதுக்காவ அது வேகமாவும் போவாது, மெதுவாவும் ஆவாது. ஓட ஓடத் தானா கொஞ்சம் எளைக்கும், அதுக்கு மட்டும் பின்னால ஒரு தட்டு."

"திரும்பவும் வேணும், வேகமாவும் போவணும்னா?"

நான் ஏதோ மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டேன். அக்கா சிரித்தாள்.

"அப்ப பக்கத்துலயும் இல்லாம பின்னாலயும் இல்லாம நடுவுல, சாய்வா அடி. பாதி திருப்பத்துக்குப் போவும், பாதி ஓட்டத்துக்குப் போவும்."

இன்னொன்றும் சொன்னாள். ரொம்ப வேகமாக வளைவுக்குள் போனால் எவ்வளவு தொட்டாலும் போதாது, டயர் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அழுத்துவதானால் வளைவுக்கு முன்னாலேயே, நேர்ப் பாதையில், ஒரே ஒரு அழுத்து. வளைவுக்குள் போனபிறகு அழுத்தினால் டயர் வழுக்கி விழும். அதை அவள் முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டிச் சொன்னாள்.

அடுத்த நாள் மாலைவரை போரைச் சுற்றினேன். தலை சுற்றி வாந்தி வந்தது. "வாந்தி எடுத்துட்டு ஓடு" என்றாள்.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி முடித்தபின் ஊர் ஏரிக்கரைக்கு வந்தது. அக்கா பந்தயம் பார்க்க வர முடியாது. ஆனால் தண்ணீருக்கு யார் தடை சொல்வது? வளைவின் சரிபாதியில், கிணற்றுப் பக்கம் இறங்கும் படியின் தலைப்பில், இடுப்பில் குடத்தோடு நிற்பதாகச் சொல்லியிருந்தாள். "நான் நிக்கிற எடம் வந்ததும் குச்சியப் பக்கத்துலேர்ந்து பின்னால கொண்டா. அதுக்கு முன்ன கொண்டாந்தா வயல்ல போயி வுழுவ."

ஐந்து பேர் வரிசையாக நின்றோம். மச்சான் என் டயரைப் பார்த்தான்.

"இன்னா மச்சான், உங்கக்கா டயரா? பூ வெக்கலியா அதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமா துண்டை உயர்த்தி வீசினார். கிளம்பினோம்.

நேர்ப் பாதையில் நான் ஒன்றுமே இல்லை. மோட்டார் சைக்கிள் டயர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு என்னைத் தாண்டியது. இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள். "ஓரமா வாடா, பின்னால மாடு வருது!" என்று மச்சான் முன்னாலிருந்து கேலியாகக் கத்தியது கேட்டது. கண்ணில் மண். எனக்கு அழுகை வந்துவிட்டது. வளைவு தெரிந்ததும் குச்சியை மேலே வைத்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினேன். பின்னால் வந்தவனும் என்னைத் தாண்டினான். ஊர் "அய்யோ" என்றது. அது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு வளைவு வந்தது.

மச்சானின் டயர் வளையவில்லை. அவன் பின்னாலிருந்து அடித்த அடியெல்லாம் அதற்குள் சேர்ந்திருந்தது. பக்கத்தில் தொட்டுத் திருப்ப அவனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்தக் கனமான டயருக்கு அது போதாது. அது கரையை விட்டு நேரே கிளம்பி, சரிவில் இரண்டு குதி குதித்து, வயல் வரப்பில் நின்றிருந்த எருமைக் கன்றை விரட்டியடித்துச் சேற்றில் படுத்தது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயந்து மேலே அழுத்தினார்கள். ஒருவனுடையது தள்ளாடி விழுந்தது. ஒருவனுடையது கிறுகிறுத்து ஏரிக்குள் இறங்கியது. இன்னொருவன் நின்றுகொண்டு தன் டயரைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

நான் டயருக்கு வெளிப்பக்கம் வந்து குச்சியைப் பக்கத்தில் வைத்தேன். டயர் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, வளைந்தது. என் காலடியில் கரை திரும்பிக்கொண்டே இருந்தது, டயரும் திரும்பிக்கொண்டே இருந்தது, நான் கொண்டுவந்த வேகம் அப்படியே இருந்தது. ஏரி முழுக்க ஒரே வெளிச்சம். பித்தளைக் குடம் தெரிந்தது. அக்கா கத்தவில்லை. கத்தக் கூடாது. குடத்தை இடுப்பிலிருந்து தூக்கிக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். நான் குச்சியைப் பின்னால் இழுத்து, சாய்வாக அடித்தேன். எல்லோரும் செத்த வளைவில் என் டயர் வேகம் பிடித்தது!

இன்னொரு அடி. இன்னொன்று. வளைவை விட்டு வெளியே வந்தபோது எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. கலங்கலில் நின்ற கூட்டம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது என் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

மாமா, தன் மகன் தோற்றதை மறந்துவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். "எங்கக்கா புள்ளடா! வளைவுல பஸ்ஸு மாதிரி வந்தான் பாரு!" மச்சான் சேறு வழிய வந்து, "இவன் இன்னாமோ மந்திரம் போட்டுகினு வந்துகிறான்" என்றான். தோள்மேல் இருந்ததால் எனக்கு வெகு தூரம் தெரிந்தது. வளைவில் அக்கா குடத்தோடு இந்தப் பக்கம் பார்த்து நின்றாள்.

"சொல்லுடா, உங்க வூட்லேர்ந்து யாரு வர்றது?" என்று மாமா மேலே பார்த்துக் கேட்டார். வேடிக்கைக்காகத்தான் கேட்டார். யாரென்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

"நான்தான்" என்றேன்.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாய் தவறியும் வரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த நிமிடத்தில், ஓடியது நான், ஜெயித்தது நான் என்பது மட்டும்தான் உண்மையாக இருந்தது.

விடிவதற்குள் லாரி கிளம்பியது. மாமாவுக்கும் வியாபாரிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வந்தது, திருக்கழுக்குன்றம் மலை வந்தது, புளியமரச் சாலை ஏரிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் கடல் தெரியும் என்று கண்ணாடி வழியே தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் கிளீனர் பயந்துபோய், மாமாவைப் பிரேக் போடச் சொன்னார். அன்று முழுக்க அலையில் கிடந்தேன். ராஜா மாதிரி இருந்தேன்.

திரும்பி வரும்போது அக்காவுக்காகக் கால்சட்டைப் பை நிறையச் சிப்பி கொண்டுவந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். திட்டுவாள் என்று பயந்துகொண்டே நீட்டினேன். வாங்கித் தட்டில் கொட்டிவிட்டு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"மாமா திருப்பத்துல பிரேக்க எப்ப தொட்டாரு? திரும்பறதுக்கு முன்னயா, திரும்பிகினே இருக்கறப்பயா?"

"எனக்குத் தெரியாது. அலை இன்னா ஒசரம் தெரியுமா, நம்ம வூடு ஒசரம்."

"பாரம் ஏத்தின வண்டியாச்சே. நம்ம டயர் மாதிரியேதான் திரும்புதா? சாயுதா?"

"பாக்கலக்கா. தண்ணி ஒரே உப்பு."

அவள் சிப்பித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சோறு போட்டாள். திட்டாமல் விட்டதால், அவளுக்குக் கடல்மேல் பெரிய ஆசை இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு நான் படித்தேன். கல்லூரியில் முதல் வருடம், விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு வளைவு வரைந்து அதன்மேல் இரண்டு அம்புகள் போட்டார். பாதையோடு போகும் முடுக்கம் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். பாதைக்குக் குறுக்கே இருக்கும் முடுக்கம் திசையை மட்டும் மாற்றும், வேகத்தைத் தொடாது என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றேன். பிறகு மறைமலைநகரில் வண்டிகளுக்குப் பிரேக் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே பெரிய பதவி வரை போனேன். புதிதாக வரும் இளைஞர்களுக்கு இந்த டயர் கதையைச் சொல்வேன். சின்ன வயதில் நானே கண்டுபிடித்தேன் என்றுதான் சொல்வேன். அது இரண்டாவது திருட்டு.

அக்காவை நெம்மேலியில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் கடல். வாழ்நாள் முழுக்க அலைச் சத்தத்திலேயே இருந்தாள். நான் அவளிடமிருந்து பறித்ததை விதி வட்டியோடு கொடுத்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தக் காணும் பொங்கலுக்கு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக அக்காவே தன் பேத்தியின் காரில் நான் இருக்கும் செங்கல்பட்டுக்கு வந்திருந்தாள். பேத்திதான் ஓட்டினாள். கால் வீக்கம் என்று நான் பின்னால் நீட்டி உட்கார்ந்தேன். அதனால் அக்கா முன்னால் உட்கார்ந்தாள். பழைய லாரி போன அதே சாலை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கி லாரியில எடம் உன்னுது. நான் ஏமாத்திட்டேன்."

"கம்முனு வாடா. திருப்பம் வருது" என்றாள்.

அவள் கடல் இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. சாலையையும் பார்க்கவில்லை. குனிந்து பேத்தியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நேர்ப் பாதையிலேயே லேசாகத் தளர்ந்தது. கால் பிரேக்கை விட்டு வந்தது. மரங்கள் ஒருபக்கமாகச் சுழன்றன. பாதி வளைவில் இஞ்சின் சத்தம் ஏறியது.

அக்கா முன்பலகையில் ஓங்கித் தட்டினாள்.

"முன்னயேதான்! பாத்தியாடா? முன்னயேதான் தொடுறா! திருப்பத்துல தொடவே இல்ல. பாதியில பின்னால ஒரு தட்டு. நம்ம வைக்கப்போர் கணக்கேதான்!"

"இன்னா ஆயா, எத்தினி வாட்டி கார்ல வந்துகிற, இப்பதான் பாக்கிறியா?"

"எப்பவும் பின்னாலதானே ஒக்கார வெச்சீங்க" என்றாள் அக்கா, அடுத்த வளைவுக்காகக் குனிந்துகொண்டே.

பத்து வயதில் நான் அவளுக்குச் சிப்பி கொண்டுவந்து கொடுத்தேன். அவள் கேட்டது டிரைவருக்குப் பக்கத்து இடத்தை.